90-இல் வந்த நடுக்கமும் ஃபைஃபாக்ஸ் ஆப்பும்: டூரிங் பைக்கில் ஒட்டிப் பார்த்த அனுபவம்

டூரிங் பைக்கில் திடீரென்று ஒரு அதிர்வு வந்து, அது எங்கே இருந்து வருகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மதிப்பிடப் போவது ஃபைஃபாக்ஸ் என்ற ஆப். ஜெர்மனியில் ஆகென் நகரத்து ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகத்தின் இயற்பியல்காரர்கள் மாணவர்களுக்காக உருவாக்கியது, 2016-இல் வெளிவந்தது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது, காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. பைக்குக்காகச் செய்த ஆப் இல்லை இது. போனுக்குள் இருக்கும் சென்சார்களை வைத்து ஊசல், ஸ்பிரிங், லிஃப்ட் என்று பரிசோதனை செய்து பார்ப்பதற்கானது. ஆனால் அதில் முடுக்கத்தின் நிறமாலையைக் காட்டும் ஒரு பரிசோதனை இருக்கிறது. அதாவது போன் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆடுகிறது என்று வரைபடமாகவே காட்டிவிடும். பைக் அதிர்வைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

முதலில் என் பிரச்சினையைச் சொல்கிறேன். பைக் இரண்டு சிலிண்டர், செயின் டிரைவ், இரண்டு பக்கப் பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ். பின் டயர் தேய்ந்துபோய்ப் புதிது போட்டேன். அடுத்த நீண்ட பயணத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் சீட்டிலும் கால் வைக்கும் ஃபுட்பெக்கிலும் ஒரு நடுக்கம். 90-இல் நன்றாகத் தெரியும், 105-க்கு மேல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். கையில் வரும் மெல்லிய ரீங்காரம் இல்லை இது. பெரிய, மெதுவான, தொப் தொப் என்று அடிக்கிற ஆட்டம். பின்னால் உட்கார்ந்து வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "ரோடு இப்படித்தானா, இல்லை வண்டியா?" என்பதுதான்.

டயர் போட்ட கடைக்கே போனேன். முன் சக்கரத்தில் பேலன்ஸ் போயிருக்கும் என்றார்கள், பார்த்தார்கள், வெயிட்டை மாற்றி ஒட்டினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. பின் சக்கரத்தையும் கழற்றிப் பேலன்ஸ் செய்தார்கள், மெஷின் பூஜ்யம் காட்டியது, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே வந்து ஓட்டினால் அதே ஆட்டம். இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் மவுன்ட் போல்ட்டை இறுக்கிவிட்டு, அது சரிவரவில்லை என்றதும் கிளட்ச்சைப் பிரித்துப் பார்க்கலாம் என்றார்கள். அங்கேதான் நான் நிறுத்திக்கொண்டேன். யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, ஆனால் எல்லாரும் ஊகத்தில் ஸ்பேனரைத் தூக்கினார்கள். அதிர்வுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது, அதன் எண்ணிக்கை. ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று தெரிந்தால் பைக்கில் அந்த வேகத்தில் சுற்றுகிற பொருள் எது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதை அளக்கத்தான் இந்த ஆப்பை எடுத்தேன்.

ஓட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் வீட்டுப்பாடம் உண்டு, இதைத் தவிர்த்தால் ஆப் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. இரண்டு சக்கரமும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். டயர் பக்கவாட்டில் இருக்கும் அளவை வைத்தும் கணக்கிடலாம், 180/55-17 என்றால் விட்டம் ஏறத்தாழ 630 மில்லிமீட்டர், சுற்றளவு 198 சென்டிமீட்டர். ஆனால் ஆள் உட்கார்ந்ததும் டயர் நசுங்கும், அதனால் உருளும் தூரம் இதைவிடக் கொஞ்சம் குறையும். காற்றைச் சரியான அளவுக்கு அடித்துவிட்டு, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, நான் மேலே உட்கார்ந்திருக்க நண்பர் ஒருவர் வண்டியைத் தள்ள, கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. டேப் வைத்து அளந்தேன். பின் சக்கரம் 195 சென்டிமீட்டர், முன் சக்கரம் 186.

இப்போது கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குச் சரியாக 25 மீட்டர். 25-ஐ 1.95-ஆல் வகுத்தால் 12.8. பின் சக்கரம் விநாடிக்கு 12.8 சுற்று. முன் சக்கரம் 25-ஐ 1.86-ஆல் வகுக்க 13.4. என்ஜின் ஆறாவது கியரில் அந்த வேகத்தில் சுமார் 3,900 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3,900 சுற்று, அதை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 65. என் செயினில் 118 கண்ணி, செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் பின்னால் 45 பல், முன்னால் 17. பின் சக்கரம் ஒரு தடவை சுற்றினால் 45 கண்ணி நகரும், ஆகவே செயின் முழுதாக ஒரு சுற்று வருவது விநாடிக்கு 4.9 தடவை. முன் ஸ்ப்ராக்கெட் 34 தடவை. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். 4.9, 12.8, 13.4, 34, 65. இந்த ஐந்து எண்ணில் எது என்பதுதான் கேள்வி.

90-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு நடுக்கம் அங்கே நன்றாகத் தெரிகிறது என்பது ஒரு காரணம், கணக்கு லேசாக வருகிறது என்பது இன்னொன்று. ஆனால் மீட்டர் காட்டும் 90-ஐ நம்பாதீர்கள். வண்டிகளின் ஸ்பீடோமீட்டர் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டக்கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐநா விதியிலேயே இருக்கிறது. என் வண்டியில் மீட்டர் 95 காட்டும்போதுதான் ஜிபிஎஸ்ஸில் 90. இந்த ஐந்து கிலோமீட்டர் வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் முன் சக்கரமா பின் சக்கரமா என்ற தீர்ப்பே தலைகீழாகிவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் இருப்பதே 0.6 ஹெர்ட்ஸ்தான் (விநாடிக்கு ஒரு தடவை என்பது ஒரு ஹெர்ட்ஸ்).

சரி, ஆப்புக்கு வருவோம். திறந்தால் பரிசோதனைகள் வரிசையாக வரும், அதில் முடுக்க நிறமாலையைத் தொட வேண்டும். எத்தனை அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று கேட்கும் ஒரு அமைப்பு இருக்கிறது, இதை மாற்றாமல் விடுவதுதான் புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன். என் பழைய போன் விநாடிக்கு 200 தடவை அளக்கிறது. 512 அளவீடு என்று வைத்தால் இரண்டரை விநாடித் தரவு, வரைபடத்தில் ஒவ்வொரு படியும் 0.4 ஹெர்ட்ஸ். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே மேடாகக் கலந்துவிடும். 2048 என்று வைத்தால் பத்து விநாடித் தரவு, படி 0.1 ஹெர்ட்ஸ். இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பதிலுக்கு நீங்கள் அந்தப் பத்து விநாடியும் வேகத்தை மாற்றாமல் ஓட்ட வேண்டும். ஒரு கிலோமீட்டர் கூடக் குறைய ஆனாலும் உச்சி 0.14 ஹெர்ட்ஸ் நகரும், கூர்மை போய்ப் பரவலாகிவிடும். சமதளமான, நேரான, போக்குவரத்து இல்லாத சாலை வேண்டும்.

ஓடுகிற வண்டியில் திரையைப் பார்க்கவே கூடாது. இதற்கு ஆப்பிலேயே வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வசதியும் இதுதான். எத்தனை விநாடி கழித்து அளக்க ஆரம்பிக்க வேண்டும், எத்தனை விநாடி அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் வைக்கலாம். 90 விநாடி கழித்துத் தொடங்கு, 15 விநாடி அள என்று வைத்துவிட்டு ஓட்டப் போய்விடுவேன். திரும்பி வந்து, நிறுத்தி, சைடு ஸ்டாண்ட் போட்டு, அப்புறம்தான் போனை எடுப்பது. தரவை எக்செல் கோப்பாகவோ சிஎஸ்வியாகவோ வெளியே எடுக்கவும் முடியும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோப்பு என்று சேமித்துக்கொண்டேன்.

போனை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு முழு நாள் வீணானது. முதலில் ஹேண்டில்பார் மொபைல் ஹோல்டரில் மாட்டினேன். வரைபடத்தில் 22 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு. என் தாளில் 22 என்று எதுவும் இல்லை, ஒரே குழப்பம். 70-இல் ஓட்டினேன், அதே 22. 100-இல் ஓட்டினேன், அதே 22. அப்போதுதான் புரிந்தது. வேகம் மாறினால் சக்கரத்தின் எண் மாற வேண்டும், என்ஜின் எண் மாற வேண்டும். எந்த வேகத்திலும் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் அது சுற்றுகிற பொருள் இல்லை, தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பாகம். இங்கே அது ஹோல்டரின் ரப்பர் கழுத்து. கண்ணாடி, விண்ட்ஷீல்டு, டாப் பாக்ஸ் தட்டு இவையெல்லாமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். இந்த ஒரு பாடத்துக்காகவே அந்த நாளை நான் வீண் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஹோல்டரைக் கழற்றிவிட்டு, பின்பக்க ரேக்கின் தட்டையான இடத்தைத் துடைத்து, மெல்லிய இருபக்க டேப்பால் போனை நேராக ஒட்டினேன், மேலே பட்டையால் இரண்டு சுற்றுக் கட்டு. ஸ்பாஞ்சு டேப் வேண்டாம், அதுவும் ரப்பர் மாதிரிதான். டாப் பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டேன். முன் பக்கத்துக்கு, ஃபோர்க்கை மேலே பிடித்திருக்கும் டிரிப்பிள் கிளாம்ப் தகட்டில் அதே மாதிரி ஒட்டினேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். தினமும் பயன்படுத்தும் நல்ல போனை இப்படி ஒட்டாதீர்கள். கேமராவில் படம் ஆடாமல் இருக்க லென்ஸைத் தாங்கிப் பிடிக்கும் நுண்ணிய அமைப்பு இருக்கிறது, சக்திவாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் ஐபோன் வைத்திருப்பவர்களை எச்சரித்தது. டிராயரில் கிடக்கும் பழைய போனே போதும். திரை கீறியிருந்தாலும் பரவாயில்லை, சென்சார் வேலை செய்தால் சரி.

முதல் சுத்தமான ஓட்டம் காலையில், காற்று இல்லாத நேரத்தில். ஜிபிஎஸ் 90. திரும்பி வந்து போனைக் கழற்றிப் பார்த்தால் வரைபடத்தில் ஒற்றை ஊசி மாதிரி ஒரு உச்சி. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். 12.8. பக்கத்தில் 13.4-இல் ஒன்றுமே இல்லை, தரை மட்டம். 25.6-இல் குட்டியாக இன்னொன்று, அது 12.8-இன் இரண்டு மடங்கு. கிளட்ச்சைப் பிரிக்கச் சொன்னார்களே, அந்த என்ஜினின் 65-இல் ஒரு சின்ன மேடு, எந்த இரண்டு சிலிண்டர் வண்டியிலும் இருக்கக்கூடிய அளவு. இரண்டு கடை, மூன்று தடவை பிரித்து மாட்டியும் வராத பதில் பத்து விநாடித் தரவில் வந்துவிட்டது. உண்மையிலேயே நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஆனாலும் ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு கட்டவில்லை. அதே 90, ஐந்தாவது கியரில். என்ஜின் மேடு 65-லிருந்து 73-க்குப் போனது, 12.8 அசையவில்லை. அடுத்து 100-லிருந்து கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தானாக உருள விட்டேன். வேகம் குறையக் குறைய அந்த உச்சி வேகத்தோடு சேர்ந்தே கீழே இறங்கியது, ஆனால் மறையவில்லை. என்ஜினோ கிளட்ச்சோ காரணமாக இருந்தால் இங்கே மறைந்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆப்கூடத் தேவையில்லை, உடம்பாலேயே உணரலாம். அதிர்வு வந்தவுடன் யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள், கிளட்ச்சைப் பிடித்து உருளவிட்டுப் பாருங்கள், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு முறுக்கிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் என்ஜின் பக்கம். உருளும்போது மட்டும் அதிர்ந்தால் சக்கரப் பக்கம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் டிஸ்க்.

ஆக, பின் சக்கரம். ஆனால் பேலன்ஸ் மெஷின் பூஜ்யம் காட்டியதே? இங்கேதான் இந்த ஆப்பின் எல்லையும் தெரிந்தது. எந்தப் பொருள் என்று சொல்லும், அதில் என்ன கோளாறு என்று சொல்லாது. பேலன்ஸ் என்பது எடை ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா என்பது மட்டும்தான். 30 கிராம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால்கூட 90-இல் அது சக்கரத்தை ஐந்து கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான விசையோடு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இழுக்கும், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதனால் பேலன்ஸ் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடை சரியாக இருந்தும் சக்கரம் வட்டமாக இல்லாவிட்டால்? தரையில் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை மேலே தூக்கிக் கீழே போடும். மெஷினில் சக்கரம் காற்றில் சுற்றுகிறது, தரையைத் தொடுவதே இல்லை, அதனால் அதற்கு இது தெரியாது. நடுக்கம் 90-இல் அதிகமாகி 105-க்கு மேல் குறைந்ததும் இப்படித்தான் புரிந்தது, 12-13 ஹெர்ட்ஸ் பக்கம் வண்டியின் பின்பகுதி ஏதோ ஒன்று அந்தத் தாளத்துக்கு ஒத்து ஆடியிருக்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு பென்சிலைக் கட்டினேன், முனை டயரின் நடுவைத் தொடுகிற மாதிரி. கையால் மெதுவாகச் சுற்றினேன். பாதிச் சுற்று வரை முனை உரசிக்கொண்டே வந்தது, அப்புறம் விலகியது, வெளிச்சம் தெரிந்தது, மறுபடி உரசியது. இடைவெளியில் இரண்டு நாணயத்தை அடுக்கி நுழைக்கலாம் போல இருந்தது. அடுத்து பென்சிலை ரிம் விளிம்புக்கு நகர்த்திச் சுற்றினேன், ரிம் நேராக ஓடியது. ஆக, ரிம் வளையவில்லை, டயர்தான்.

அப்புறம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மெல்லியதாக ஒரு கோடு அச்சாகியிருக்கும், சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். வலது பக்கம் சீராக இருந்தது. இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடே காணோம், ரிம்முக்குள்ளே புதைந்திருந்தது. டயரின் பீட், அதாவது ரிம்மில் உட்காரும் அதன் உள்விளிம்பு, அந்த இடத்தில் மட்டும் வெளியே வந்து உட்காரவே இல்லை. அந்தக் கடையில் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் போதும், எனக்கு இத்தனை வாரம் போயிருக்காது. வருத்தமாகத்தான் இருந்தது. நீங்கள் டயர் மாற்றினால் கடையை விட்டு வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் அந்தக் கோட்டைச் சுற்றிவரப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். போனில் வரைபடத்தைக் காட்டி, "அண்ணா, முன் சக்கரம் இல்லை, என்ஜின் இல்லை, இது மட்டும்தான் பாருங்க" என்றேன். அவர் வரைபடத்தைவிட அந்தக் கோட்டைத்தான் கூர்ந்து பார்த்தார். "சோப்புத் தண்ணி சரியாப் போடாம ஏத்தியிருக்காங்க தம்பி, ரப்பர் காய்ஞ்சு பிடிச்சுக்கிச்சு" என்றார். காற்றை இறக்கி, பீட்டை முழுதும் உள்ளே தள்ளி, சுற்றிலும் நன்றாக வழவழப்பு தடவி, மறுபடி காற்றடித்தார். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். கோடு இரண்டு பக்கமும் முழு வட்டமாக வெளியே வந்துவிட்டது. டயர் நகர்ந்ததால் மறுபடி பேலன்ஸும் பார்த்தார். பீட் உட்காரவில்லை என்றால் காற்றை மேலும் மேலும் ஏற்றி உட்கார வைக்க முயலாதீர்கள், டயரிலேயே உச்ச அளவு எழுதியிருக்கும், அதைத் தாண்டினால் டயர் வெடித்து ஆளுக்கே ஆபத்து.

அதே சாலை, அதே காலை நேரம், அதே 90. 12.8-இல் இருந்த ஊசி முன்பு இருந்ததில் எட்டில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. சீட்டில் எதுவும் தெரியவில்லை.

ஆனால் பெரிய உச்சி இறங்கியதும் அதன் நிழலில் ஒளிந்திருந்த இன்னொன்று தெரிந்தது. 4.9. தாளைப் பார்த்தேன், செயின் ஒரு முழுச் சுற்று. ஆக்ஸிலரேட்டர் கொடுத்து மேடு ஏறும்போது பெரிதாகிறது, கிளட்ச்சைப் பிடித்து உருளும்போது கிட்டத்தட்ட மறைகிறது. சக்கரத்தைச் சுற்றிச் செயினை ஒவ்வொரு கண்ணியாக விரலால் மடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலானவை விரல் பட்டாலே வளைந்தன. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கண்ணி மட்டும் வளைத்தால் வளைந்தபடியே விறைத்து நின்றன, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு. இறுக்கத்தைப் பார்த்தபோதும் அந்த இடம் கீழே வரும்போது செயினின் தொய்வு குறைந்தது, மற்ற இடத்தில் கூடியது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டும் சரியாகவில்லை, செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். இதை நான் உடம்பால் உணர்ந்திருக்கவே மாட்டேன், இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி நடுவழியில் தெரிந்திருக்கும். ஆப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிறமாலைப் பரிசோதனையில் ஜிபிஎஸ் வேகம் கூடவே பதிவாகாது. ஆப்பில் இருப்பிடத்துக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பதிய வேண்டுமென்றால் அவர்களுடைய எடிட்டரில் நாமே ஒரு பரிசோதனையை உருவாக்க வேண்டும். அது முடியாத காரியம் இல்லை, நான் ஒரு மாலை உட்கார்ந்து செய்தேன், ஆனால் எல்லாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது. அதுவரை இன்னொரு போனில் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுத்தான் சமாளித்தேன்.

அதைவிட முக்கியமான குறை போனுடையது. விநாடிக்கு 200 அளவீடு என்றால் 100 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். சில போன்களில் 100 அளவீடுதான், அப்போது 50 வரைதான். அதற்கு மேலே இருக்கும் அதிர்வு காணாமல் போனால்கூடப் பரவாயில்லை, பொய் முகத்தோடு கீழே வந்து நிற்கும், அதுதான் சிக்கல். நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் என்ஜினில் ஆர்பிஎம்மின் இரண்டு மடங்கில் ஒரு அதிர்வு இயல்பாகவே உண்டு. 3,900 ஆர்பிஎம்மில் அது 130 ஹெர்ட்ஸ். 200 அளவீடு எடுக்கும் போனில் அது 70-இல் வந்து உட்காரலாம், 65-இல் இருக்கும் என்ஜின் மேட்டுக்குப் பக்கத்திலேயே. பார்க்கிறவர் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவார். இதைப் பிடிக்க ஒரு வழி, ஆர்பிஎம்மைக் கொஞ்சம் ஏற்றுங்கள். உண்மையான மேடு மேலே போகும், பொய் மேடு கீழே இறங்கும். கையில் மரமரப்பு வருகிற அந்த மெல்லிய என்ஜின் ரீங்காரத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஆப் பாதி உதவிதான் செய்யும்.

வீல் பேரிங்குக்கும் இதை நம்பாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் பேரிங் கோளாறு காட்டும் அதிர்வு இதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும், போன் சென்சாருக்கு எட்டாது. அதற்குப் பழைய முறைதான்: சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது, சுற்றிவிட்டு ஸ்விங் ஆர்மில் உள்ளங்கையை வைத்து நறநறப்பு தெரிகிறதா என்று உணர்வது. செயினுக்குப் பதில் சுழலும் தண்டு இருக்கும் ஷாஃப்ட் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் செயின் கணக்கு பொருந்தாது, ஆனால் அங்கே தண்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்தால் ஷாஃப்ட்டின் சுற்றில் இரண்டு மடங்கில் அதிர்வு வரும், கியர் விகிதம் தெரிந்தால் அதையும் தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஹேண்டில்பார் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும் ஆட்டம் இருந்தாலோ, பெட்டிகளில் சுமை ஏற்றியதும் வண்டி மொத்தமாக மெதுவாக அலைந்தாலோ, அளக்கிறேன் என்று அந்த வேகத்துக்கு மறுபடி போகாதீர்கள். அது உயிர்ப் பிரச்சினை. ஸ்டீயரிங் பேரிங், டயர் காற்று, சுமை இருக்கும் இடம், ஸ்விங் ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஓட்ட வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் தொப் தொப் என்று அடித்துவிட்டுச் சூடானதும் தானாகச் சரியாவதும் உண்டு, அதற்காக யாரும் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம்.

யாருக்கு இந்த ஆப் என்று கேட்டால், சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து வாங்குகிறவர்களுக்கும்தான், இன்னும் சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம். "ஏதோ நடுங்குது" என்று சொல்வதற்கும் "ஜிபிஎஸ் 90-இல் விநாடிக்கு 12.8 தடவை, கியர் மாற்றினாலும் மாறவில்லை, கிளட்ச் பிடித்தாலும் போகவில்லை" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையைக் குறைத்தது ஜிபிஎஸ் சேர்ந்து வராததற்கு.

புது செயின் போட்டு 1,000 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி ஒட்டி ஓட்டினேன். 4.9-இல் எதுவும் இல்லை, 12.8-இல் பழைய சின்ன மேடு அதே உயரத்தில் இருக்கிறது, என்ஜின் மேடும் அப்படியே. இந்தக் கோப்பைத் தேதியோடு தனியாக வைத்திருக்கிறேன், அடுத்த டயர் போட்ட அன்றைக்கே இதோடு ஒப்பிட்டுப் பார்க்க.